குளிருக்கும் மின் இணைப்பு இல்லாத இடத்துக்கும் ஏற்ற சிறு டிரெய்லர்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரத்தில் மீன் வண்டிகளுக்கும் ஐஸ்கிரீம் வண்டிகளுக்கும் குளிர்காப்புப் பெட்டி கட்டும் பட்டறை எங்களுடையது. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், இருவர் படுத்து உறங்கக்கூடிய சிறு டிரெய்லர்களையும் கட்டித் தருகிறோம். பெரம்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து விசாரிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எங்களிடம் வாங்கினாலும் வேறிடத்தில் வாங்கினாலும் பயன்படட்டும் என்று பதில்களை இங்கே தருகிறேன்.

வியர்த்துக் கொட்டும் ஊரில் இருப்பவருக்குக் குளிர்கால டிரெய்லர் எதற்கு?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே புல்வெளியில் உறைபனி படியும். கொடைக்கானலிலும் குளிர் ஏறக்குறைய அப்படித்தான். ஜி.என்.டி. சாலையைப் பிடித்து வடக்கே போனால், ஆந்திர மலைப்பகுதியில் இருக்கும் லம்பசிங்கியில் சில குளிர்கால விடியல்களில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். எண்ணூர்க் காற்றில் வளர்ந்த உடம்புக்கு 5 டிகிரியே கடுங்குளிர். கூடாரம் அடித்தால் விடியற்காலையில் பனி நீரில் துணி ஊறிவிடுகிறது. குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகிறவர்கள் கெட்டியான சுவர் கேட்பது நியாயம்.

வாங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் போகப்போவது 5 டிகிரிக் குளிருக்கா, லடாக், ஸ்பிதி போன்ற இடங்களின் மைனஸ் 10 டிகிரிக் குளிருக்கா? இரண்டுக்கும் கட்டுமானமே வேறு. தமிழ்நாட்டு மலைகளுக்கு மட்டும் போகிறவர் இமயமலைக்கான வண்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஹீட்டரா, பேட்டரியா, சோலாரா?

சுவரை. விற்பவர்கள் திரை, விளக்கு, ஹீட்டர் என்று காட்டிக்கொண்டே போவார்கள். "சுவருக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள், எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். இருவர் படுக்கும் டிரெய்லரின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 சதுர மீட்டர் என்று வையுங்கள். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். வெறும் தகடும் 6 மி.மீ. பிளைவுட்டும் மட்டும் இருந்தால், சுவர் வழியாகவே இடைவிடாமல் சுமார் 1,400 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். அது ஒரு மின்கெட்டில் இரவு முழுதும் ஓடுவதற்குச் சமம். நடுவில் 25 மி.மீ. பஃப் (பாலியூரித்தேன் நுரை) வைத்தால் இழப்பு 250 வாட்டுக்கு இறங்கிவிடும். 50 மி.மீ. வைத்தால் 140 வாட்டுக்கு அருகில் வரும். உறங்கும் இரண்டு உடம்புகளே சுமார் 150 வாட் வெப்பம் தருகின்றன.

அதாவது, சுவர் நன்றாக இருந்தால் உங்கள் உடம்பே பாதிக்கு மேற்பட்ட ஹீட்டர். சுவர் சரியில்லையென்றால் ஹீட்டர் பெரிதாக வேண்டும், அதற்குப் பேட்டரி பெரிதாக வேண்டும், அதற்கு சோலார் பலகை பெரிதாக வேண்டும், அத்தனை எடையையும் இழுக்கக் காரும் பெரிதாக வேண்டும். காசிமேட்டில் மீன் ஏற்றும் பெட்டிக்குள் ஐஸ் உருகாமல் காப்பாற்றுவது எதுவோ, அதுவேதான் மலையில் உங்கள் சூட்டையும் காப்பாற்றுகிறது.

தெர்மாகோல் போதாதா?

போதும், கொஞ்சம் தடிமனாக வைத்தால். 25 மி.மீ. பஃப் செய்யும் வேலையைச் செய்ய 36 மி.மீ. தெர்மாகோல் வேண்டும். உள்ளே இடம் குறையும், அவ்வளவுதான். தெர்மாகோலைத் தின்னர் கலந்த பசையால் ஒட்டினால் கரைந்து குழியாகிவிடும். எந்தப் பசை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு சட்டகத்தில் இருக்கிறது. வெளித்தகட்டையும் உள்பலகையையும் ஒரே இரும்புக் குழாயில் அறைந்துவிட்டால், இரும்பின் வழியே வெப்பம் நேராக ஓடிவிடும். பஃப்பைவிட இரும்பு சுமார் 2,000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. குழாய்க்கும் உள்பலகைக்கும் நடுவே மெல்லிய மரச்சட்டமோ ரப்பரோ கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

விடிந்ததும் உள்ளே சுவரெல்லாம் ஈரமாக இருக்கிறது. கூரை ஒழுகுகிறதா?

பெரும்பாலும் இல்லை. அது உங்கள் மூச்சு. இருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் அரை லிட்டர் அளவு நீரை ஆவியாக வெளியிடுகிறார்கள். குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் அது நீராகப் படிகிறது.

ஒழுகலா, மூச்சு ஈரமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விடியற்காலையில் டார்ச்சை உள்சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மூச்சு ஈரமென்றால் பலகை பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஒவ்வொரு திருகாணித் தலையிலும் மட்டும் ஒரு சொட்டு நிற்கும், வரிசை பிடித்தாற்போல. இரும்புச் சட்டம் எந்த இடத்தில் போகிறது என்று அந்தச் சொட்டுகளே கோடு போட்டுக் காட்டிவிடும். மழை ஒழுகல் அப்படி வராது. ஒரு மூலையில் தொடங்கிக் கறையாக இறங்கும். எங்கள் பட்டறையில் இப்போது உள்பலகைத் திருகாணிகளை அந்த மரச்சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம், இரும்பைத் தொட விடுவதில்லை.

மீதி வேலை காற்றோட்டத்தினுடையது. கீழே ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் மேலே ஒரு திறப்பு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. குளிருக்குப் பயந்து இவற்றை அடைக்கக் கூடாது. அந்தக் காற்றுக்காக நாம் இழப்பது 100 வாட் அளவுதான். மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட மரச்சட்டம் இல்லையென்றால் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். இட்லிப் பானையை உள்ளே ஏற்றவே வேண்டாம். சமையல் பின்கதவைத் தூக்கி, வெளியே.

எந்த ஹீட்டர் நல்லது?

எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே விடும் டீசல் ஹீட்டர். உள்ளே வருவது சூடான காற்று மட்டும். 2 கிலோவாட் அளவே இத்தகைய டிரெய்லருக்கு அதிகம். 5 கிலோவாட் வாங்காதீர்கள். பெரிய ஹீட்டர் எப்போதும் மிகக் குறைந்த அளவிலேயே ஓடி, கரி அடைத்து நின்றுவிடும். குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி டீசல் அளவே குடிக்கும். பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டும் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், பிறகு 1, 2 ஆம்பியர்.

நல்ல சுவர் இருந்தால் ஊட்டியில் படுக்கும் முன் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நல்ல ரஜாயோடு படுத்துக்கொள்ளலாம். லடாக்குக்குப் போகிறவர்கள் வேறு இரண்டைக் கவனிக்க வேண்டும். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம். உயரத்துக்கு ஏற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதி ஹீட்டரில் இல்லையென்றால் புகைந்து அணைந்துவிடும். அடுத்தது, சமவெளி டீசல் கடுங்குளிரில் மெழுகாக உறைந்துபோகும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் லடாக்குக்காகக் கொண்டுவந்தது. அங்கே போய் அதைத்தான் நிரப்ப வேண்டும்.

கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கொஞ்ச நேரம் உள்ளே வைத்தால் என்ன?

கூடாது. இதில் கொஞ்ச நேரம், ஜன்னலைத் திறந்துவைத்து என்ற பேச்சே வேண்டாம். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே நினைவு தப்பிவிடும். மலை ஊர்களில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்த அறையைவிட உங்கள் டிரெய்லர் பல மடங்கு சிறியது. கேஸ் அடுப்பில் ஆபத்தோடு ஈரமும் சேர்கிறது: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது.

டீசல் ஹீட்டர் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலையணை உயரத்தில் பொருத்துங்கள். அது இல்லாமல் எங்கள் பட்டறையிலிருந்து வண்டியை வெளியே விடுவதில்லை. வாடிக்கையாளர் வருத்தப்பட்டாலும் சரி.

குளிரில் கேஸ் சரியாக எரிவதில்லையே?

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்தை நெருங்கும்போதே திரவமாகத் தங்கிவிடும். அதனால் விடியற்காலைக் காப்பிக்குத் தீ மெலிந்து எரியும். சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பதும் தீயில் காட்டுவதும் உயிரோடு விளையாடுவது. வெயில் ஏறும்வரை பொறுக்கலாம், அல்லது முந்தைய இரவே பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வைக்கலாம். 5 கிலோ சிலிண்டர் போதும். அது டிரெய்லருக்கு வெளியே, அடித்தளத்தில் துளையுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கும்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்?

விளக்கு, இரண்டு போன், கூரை விசிறி, இரவு முழுதும் ஹீட்டர் என்று கூட்டினால் நாளொன்றுக்கு 350 முதல் 400 வாட்-மணி வரும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சுமார் 1,280 வாட்-மணி தரும். மூன்று இரவு தாங்கும். அதே அளவு லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பிப் பயன்படுத்தலாம், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். குளிர் ஊரில் ஃபிரிட்ஜ் வேண்டாம், ஐஸ்பெட்டி போதும்.

லித்தியத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. மின்சாரம் எடுக்கலாம், ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ள பேட்டரியாகக் கேளுங்கள். அதையும் வெளிப்பெட்டியில் வைக்காமல், நீங்கள் படுக்கும் அறைக்குள் கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.

சோலார் பலகை கட்டாயமா?

ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்குவதென்றால் கட்டாயம். நல்ல வெயிலில் 100 வாட் பலகை நாளுக்கு 400 வாட்-மணி அளவு தரும். மூடுபனி நாளில் அதில் கால்வாசி கிடைத்தால் பெரிது. கூரையில் ஒட்டியதைவிட, கழற்றி வெயிலில் சாய்த்து வைக்கும் பலகைதான் மலைக்கு வசதி, ஏனென்றால் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் பலகையை மட்டும் வெயிலில் வைக்கலாம்.

தினமும் இடம் மாறுகிறவருக்குக் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் காரின் ஆல்டர்னேட்டரே போதும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் (கார் மின்சாரத்தை இந்தப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தருவது) வைத்தால் 20 ஆம்பியர் கணக்கில் நான்கு மணி நேர ஓட்டத்தில் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும். இங்கே பலர் ஒயரில் மிச்சம் பிடிக்கிறார்கள். காரிலிருந்து டிரெய்லருக்கு 6 மீட்டர் தூரம், 2.5 சதுர மி.மீ. ஒயர் என்றால், போய்வரும் வழியில் 1.7 வோல்ட் தொலைந்துவிடும். 12 வோல்ட் ஏற்பாட்டில் அது பெரிய நஷ்டம். 10 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 0.4 வோல்ட்டோடு போயிற்று.

என் கார் இழுக்குமா?

காரின் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லையென்றால் அந்தக் காரில் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மாட்டவே வேண்டாம். போட்டிருந்தால் அதில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஊட்டி உயரத்தில் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும்.

விற்பவர் சொல்லும் காலி எடையை நம்பி வாங்காதீர்கள். 400 கிலோ டிரெய்லர் தண்ணீர், பேட்டரி, படுக்கை, பாத்திரம் ஏறியதும் 550, 600 ஆகிவிடும். மாதவரத்திலும் மணலியிலும் லாரிகளுக்கான எடைமேடைகள் நிறைய இருக்கின்றன. சாமான் ஏற்றி ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். பிறகு டிரெய்லரைக் காரோடு பூட்டும் கப்ளிங் முனையை மட்டும் ஒரு குளியலறைத் தராசில் வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். குறைந்தால் வேகம் எடுக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் இந்தக் குறை வழக்கமாக வரும்.

பிரேக் இல்லாத டிரெய்லரை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையிலேயே தானாகப் பிடிக்கும் பிரேக் இருக்கிறது, அதைக் கேளுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும்.

பழைய ரீஃபர் (குளிர்பதன) கண்டெய்னரை வெட்டிக் கட்டலாமா? மணலியில் மலிவாகக் கிடைக்கிறது.

வேண்டாம். 20 அடி ரீஃபர் பெட்டி காலியாகவே ஏறக்குறைய 3 டன். அதை வெட்டினாலும் கார் இழுக்கும் எடைக்கு வராது. குளிர்பதனக் கிடங்கில் கழித்த பஃப் பேனல்களை வாங்கலாம், ஆனால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். இருபுறமும் அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்த 60 மி.மீ. பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ இருக்கும். அதற்கு மேல் கனத்தால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது, காப்பும் போய்விட்டது.

எந்த மலைச்சாலைக்குக் கொண்டுபோகலாம்?

முதலில் ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து ஏற்காடு, சேலத்திலிருந்து 20. இவற்றில் பின்னோக்கி எடுப்பதும் கீழ் கியரில் இறங்குவதும் கைவந்த பிறகு ஊட்டி, கொடைக்கானல். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் மசினகுடி பக்கத்துக் கல்லட்டிச் சரிவின் 36 வளைவுகளுக்கும் டிரெய்லரோடு போக வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. காப்புக்காட்டில் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றம். யானை நடமாட்டம் இருக்கும் இடத்தில் அது முட்டாள்தனமும்கூட. தனியார் தோட்டத்தில் அனுமதி கேட்டு நிறுத்துங்கள்.

ஆர்.டி.ஓ. பதிவு தேவையா?

தேவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். கட்டிமுடித்த பிறகு போய் நிற்காமல், கட்டும் முன்பே உங்கள் பகுதி அலுவலகத்தில் அளவுப்படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கினால் இந்த அலைச்சல் குறைவு.

பழைய டிரெய்லர் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

இருட்டிய பிறகு போங்கள். உள்ளே பிரகாசமான விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் ஒவ்வோர் இடமும் காற்றும் மழையும் நுழையும் இடம். பிறகு கதவு ரப்பரில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தட்டையாகிவிட்டது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படிச் செய்தால் கதவு கோணியிருப்பதும் தெரிந்துவிடும். தரைப்பலகையின் ஓரங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் விலை பேசவே வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் பேரிங் சத்தம் காதுக்கு வந்துவிடும்.

தண்ணீர், கழிப்பறை?

குளியல் இல்லாமல் இருவருக்கு நாளுக்கு 10 முதல் 15 லிட்டர். பதித்த குழாய்களைவிட 20 லிட்டர் கேன்கள் நல்லவை, உறைந்தாலும் வெடித்தாலும் கேனோடு போகும். கழிவை மூடி எடுத்துவரும் கையடக்கக் கழிப்பறை ஒன்று போதும். ஓடைக்கரையில் எதையும் கொட்டாதீர்கள்.

எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை. உப்புக்காற்று வேறு. எப்படிப் பராமரிப்பது?

கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் டிரெய்லர் நிறுத்துவது அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. செங்குன்றம், மாதவரம் பக்கம் லாரி நிறுத்தும் மனைகளில் மாத வாடகைக்கு இடம் பிடிப்பதே வழி. சட்டகம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருந்தால் கடலோரத்தில் நீடிக்கும். வெறும் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. ஃபைபர் உடம்பில் கீறல் விழுந்தால் காசிமேட்டில் படகுக்குப் பழுது பார்க்கும் கைகளைவிடத் தேர்ந்தவர்கள் கிடைப்பது அரிது.

கோடையில் பேட்டரியைக் கழற்றி, பாதிச் சார்ஜில், வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் டிரெய்லரை மேட்டுக்கு நகர்த்துங்கள். சக்கரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், ஓட்டும் முன் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் இந்த ஒரு பேட்டரி விளக்கையும் போன்களையும் ஒரு சிறு விசிறியையும் ஓட்டும். அதனால் மழைக்காலத்தில் மட்டும் அதை முழுச் சார்ஜில், வீட்டின் மேல்தளத்தில் வையுங்கள்.